வட்டாரச் செய்தியாளர்கள் அரசைக் கேள்வி கேட்கத் தயங்குவது ஏன்?

காங்கேயம் வாசகர் (கேள்வி):
எங்கள் பகுதிக்குக் குடிநீர் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. இதை நிருபர் ஒருவரிடம் நேரில் சொன்னேன். அவரும் அக்கறையோடு குறித்துக்கொண்டு போனார். மறுநாள் நாளிதழில் வந்திருந்ததோ, குடிநீர்ப் பணிகளை அதிகாரி ஆய்வு செய்யும் படமும் நான்கு வரிகளும்தான். நிருபர் அஞ்சினாரா, அல்லது அவர் எழுதியதை மேலே நிறுத்திவிட்டார்களா? உள்ளிருந்து அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பவானி, முன்னாள் பகுதிநேர நிருபர்:
ஐயா, அச்சத்தைவிட வருமானமே முதற்காரணம். எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்குச் சிறு தொகையும், பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷனும்தான். தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு நான் போய் நின்ற வாசல்களில் பெரும்பாலானவை, ஆண்டு முழுவதும் நான் கேள்வி கேட்டிருக்க வேண்டிய ஒப்பந்தக்காரர்களுடையவையும் உள்ளாட்சித் தலைவர்களுடையவையுமே. அரசின் டெண்டர் அறிவிப்புகளும் சாதனை விளம்பரங்களும் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். சாக்கடைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பற்றி நான் அனுப்பிய செய்தி ஒருமுறை வெளிவரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அது இன்றும் உறுத்துகிறது.

கோவை வழக்கறிஞர்:
சட்டம் செய்தியாளர் பக்கமே நிற்கிறது. நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில், அரசோ உள்ளாட்சி அமைப்போ தனக்கு அவதூறு நேர்ந்ததாகக் கூறி இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று 1994இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பத்திரிகை ஆசிரியர்கள் மீது தமிழக அரசு தொடுத்திருந்த குற்றவியல் அவதூறு வழக்குகள் பலவற்றை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான், ஊரடங்குக் கால நிர்வாகக் குறைகளைப் பற்றிச் செய்தி வெளியிட்ட ஓர் இணையதளத்தின் நிறுவனர் இதே கோவையில் கைது செய்யப்பட்டார். வெல்லக்கூடிய வழக்கே ஆனாலும், அது முடியும்வரை வாய்தாவுக்கு அலைய ஒரு பகுதிநேர நிருபரால் எப்படி முடியும்?

சென்னிமலை விவசாயி:
எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துக் குறை கூற எனக்கு மனமில்லை. 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியதைச் செய்தியாளர்கள் எழுதவே செய்தார்கள். ஆயினும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது, நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றத்தை விடாமல் நாடியதால்தான். காங்கேயத்து நண்பரே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட்ட நாட்களின் பதிவேட்டைக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அரசே கொடுத்த தாள் கையிலிருந்தால் நிருபரும் துணிந்து எழுதுவார்.

காங்கேயம் வாசகர்:
மனுவை இன்றே எழுதிவிட்டேன். பதில் வந்ததும் அதே நிருபரிடம் கொடுக்கலாமா?

பவானி, முன்னாள் பகுதிநேர நிருபர்:
அவரிடமும் கொடுங்கள், ஆனால் எல்லா நாளிதழ்களின் நிருபர்களுக்கும் ஒரே நாளில் நகல் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இதழில் வந்துவிடும் என்று தெரிந்தால், அந்தச் செய்தியை நிறுத்திவைக்க எந்த அலுவலகமும் யோசிக்கும்.