மரைபூட்டுத் தகடு: முதியோர் முழங்கை முறிவு அறுவைக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

முறிந்த எலும்புத் துண்டுகளைத் திருகாணிகளால் பிணைக்கும் உலோகத் தகடுகளில் ஒருவகையான 'லாக்கிங் பிளேட்' என்பதற்குப் 'பூட்டுத் தகடு' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. சொல் சுருக்கமானதுதான், ஆயினும் தகடு எலும்பைப் பூட்டுகிறது என்ற பொருளையே அது தருவதால் எனக்கு உடன்பாடில்லை. இங்கே பூட்டப்படுவது திருகாணி. அதைப் பூட்டிக்கொள்வது தகட்டின் துளை.

எலும்புப்புரை (எலும்பு மெலிந்து வலுவிழக்கும் நோய்) உள்ள முதியவர் நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே, முழங்கையில் மேற்கை எலும்பின் கீழ்முனை பல துண்டுகளாக நொறுங்கக்கூடும். வழக்கமான தகட்டைத் திருகாணிகள் எலும்போடு அழுத்திப் பிடிக்கின்றன. அந்த அழுத்தத்தால் எழும் உராய்வே முறிவை அசையாமல் வைக்கிறது. வலுவிழந்த எலும்பில் மரைக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரு திருகாணி தளர்ந்தால் அதன் சுமையும் அடுத்ததன் மேல் விழுந்து, அதுவும் தளர்கிறது. 'லாக்கிங் பிளேட்'டிலோ திருகாணியின் தலையிலும் மரை உண்டு. அது துளையின் மரையோடு பிணைந்துகொள்வதால், தகடும் திருகாணிகளும் கோணம் மாறாத ஒரே சட்டகமாகிச் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே 'மரைபூட்டுத் தகடு' என்பதே என் பரிந்துரை. 'மரை' பட்டறைகளில் அன்றாடம் புழங்கும் சொல். 'மரை கழன்றவன்' என்று ஏசுகிறவர்களுக்கும் விளக்கம் தேவைப்படாது.

அறுவை செய்பவர் இத்திருகாணியை முடுக்கும்போது கையில் உணரும் இறுக்கம் தகட்டின் மரையிலிருந்து வருவது. எலும்பின் வலுவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மேலும், இது எலும்பைத் தகட்டை நோக்கி இழுப்பதில்லை என்பதால், துண்டுகளை உரிய இடத்தில் சேர்த்த பின்னரே பூட்ட வேண்டும். கோணலாகப் பூட்டினால் அந்தக் கோணலே நிலைத்துவிடும். அவ்வாறு சேர்க்கும் 'ரிடக்‌ஷன்' என்பதைக் 'குறைப்பு' என்று எழுதுவது பெரும்பிழை, 'நேர்சேர்ப்பு' பொருந்தும். சேர்க்கவே இயலாதபடி சிதறியிருந்தால் செய்யும் 'முழங்கை மூட்டு மாற்று' வழக்கில் ஊன்றிவிட்டதால் அதற்குப் புதுச்சொல் வேண்டாம்.

ஒரே தகட்டில் மரையுள்ள துளை, மரையில்லாத வழக்கமான துளை என இருவகைத் துளைகளும் அமைவதுண்டு என்பதையும் கருத வேண்டும். 'மரைபூட்டுத் துளை', 'மரைபூட்டுத் திருகாணி' என்று இச்சொல் இயல்பாக நீளும். 'பூட்டுத் துளை' என்றாலோ படிப்பவருக்குச் சாவித்துளைதான் நினைவுக்கு வரும்.