சமூகவியல் படித்தால் வாழ்நாள் முழுக்க என்ன வேலை?

சிப்புட்_பொண்ணு: மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டேன், ஊர் சுங்கை சிப்புட். சமூகவியல் எடுக்க ஆசை. இங்கே டிவி நாடகத்தில் நம்மவர்கள், அதாவது மலேசியத் தமிழர்கள் என்றால் ஒன்று கேங்ஸ்டர், இல்லாவிட்டால் கோமாளி. இதை ஆராய்வதையே ஒருவர் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? அப்பா செம்பனை லோரி ஓட்டுகிறார். "படித்து யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாய்?" என்கிறார்.

மணியம்: அப்பா சொல்வது சரிதான் தங்கச்சி. முதலில் ஆசிரியர் பயிற்சிக்கு மனு போடு. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

பெரட்டுக்களம்: தாராளமாக முடியும்மா. ஸ்டூவர்ட் ஹால் என்று தேடிப் பார். 1932இல் ஜமைக்காவில் பிறந்தவர். உதவித்தொகையில் 1951இல் ஆக்ஸ்போர்டு போனார். ஹென்றி ஜேம்ஸ் நாவல்கள் பற்றிய முனைவர் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு லண்டனில் பள்ளி ஆசிரியராக இருந்தார் (மணியம் கவனிக்க). 1964இல் பர்மிங்காமில் புதிதாகத் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தில் சேர்ந்தார். பிறகு அதற்கே தலைவர். 1979 முதல் 1997 வரை பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர்.

அவரும் குழுவினரும் 1978இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்குப் பிடித்தது. 1972 வாக்கில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் தெருவழிப்பறியைக் கறுப்பின இளைஞர்களின் குற்றமாகவே எழுதித் தள்ளின. நிருபர் முதலில் போய்க் கேட்பது போலீஸிடமும் நீதிபதியிடமும்தான். பிரச்சினை இன்னது என்று அவர்கள் சொல்வதே நிலைத்துவிடுகிறது; மற்றவர்கள் அதற்குள் நின்றுதான் வாதாட வேண்டும் என்று காட்டினார்கள்.

நமக்குத் தெரியாததா? எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில் தீப்பிடித்தபோது வந்த நிருபர் ஆபீஸ் வாசலைத் தாண்டவில்லை. மானேஜர் சாமி விளக்கு என்றார். மறுநாள் பேப்பரிலும் சாமி விளக்கு. கூரைக்கடியில் எலி கடித்துத் தொங்கிய ஒயரைப் பற்றிக் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் பல தடவை புகார் சொன்ன பாட்டி பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. டவுனில் அந்தச் செய்தியை நம்பினார்கள், லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. ஒரே செய்தியை ஆளுக்கொரு விதமாக வாங்கிக்கொள்வது பற்றியும் ஹால் 1973இலேயே எழுதிவிட்டார்.

மணியம்: சரி வாத்தியாரே, அது வெள்ளைக்காரன் நாடு. இங்கே?

பெரட்டுக்களம்: இங்கே செய்ய வேண்டியது இன்னும் அதிகம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு டவுனுக்கு வந்த பிள்ளைகள் செய்திகளில் எப்படி வருகிறார்கள் என்பதை மட்டும் எடுத்தாலே ஒருவர் காலத்துக்கும் போதும். தங்கச்சி, நேர்முகத்தில் கேட்டால் பொதுவாகப் பேசாதே. ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள். நம்மவர்களில் யாருக்கு வசனம் இருக்கிறது, யாருக்குப் பெயரே இல்லை என்று குறித்து, அந்தத் தாளோடு போ.