மிரர் விரிஞ்சுது, சாவி வீட்டுக்குள்ள

ராத்திரிமுழிப்பு:
போன மாசம் நடந்தது. இன்னும் மனசை விட்டுப் போகல, அதான் எழுதறேன். கீலெஸ் வண்டி. சாவி பாக்கெட்ல இருந்தாலே திறக்கும், உங்களுக்குத் தெரியாததில்ல. ராத்திரி ரெண்டே முக்கால் இருக்கும், தண்ணி குடிக்க எழுந்தேன். ஜன்னல் வழியாப் பார்த்தா ஒருத்தன் எங்க வாசக்கதவுகிட்ட நிக்கிறான். கையில லேப்டாப் பை மாதிரி ஒண்ணு. அதைக் கதவோட ஒட்டிப் பிடிச்சு மேலயும் கீழயும் மெதுவா நகர்த்தறான், சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. இன்னொருத்தன் கார் பக்கத்துல சும்மா நிக்கிறான். எனக்கு ஒண்ணும் புரியல. அப்ப இண்டிகேட்டர் ரெண்டு தரம் மின்னுச்சு. மடங்கியிருந்த சைடு மிரர் ரெண்டும் விரிஞ்சுது, நான் கிட்டப் போனா எப்படி விரியுமோ அப்படியே. கண்ணாடி உடையல, அலாரம் அடிக்கல. சாவி செருப்பு ஸ்டாண்டு மேல, கதவுக்கு உள்பக்கம். லைட்டைப் போட்டுக் கத்தினேன். ஓடக்கூட இல்ல, நடந்து போனாங்க. அதுதான் எரிச்சல். இல்ல, அதுகூட இல்ல. அந்த மிரர்.

மூன்றாம்கியர்:
எனக்கு வேற மாதிரி. பார்க்கிங்ல விட்டுட்டு போன் பேசிக்கிட்டே நடந்தேன், திரும்பிப் பாக்காம ரிமோட்டை அமுக்கினேன். பூட்டுற சத்தம் கேட்டுச்சா? இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. வந்து பார்த்தா பை காணோம். டேஷ்போர்டு டிராயர்ல இருந்த பேப்பரெல்லாம் சீட்டு மேல வரிசையா அடுக்கியிருந்துச்சு. நிதானமா உக்காந்து படிச்சிருக்கான்! இன்சூரன்ஸ்ல கேட்ட முதல் கேள்வி, உடைச்ச அடையாளம் எங்கேன்னு. ஜாமர் போட்டு ரிமோட் சிக்னலை அமுக்கிட்டான்னு நான் சொல்றேன். நீங்க அமுக்கவே மறந்திருப்பீங்கன்னு வீட்டம்மா சொல்றா. இருக்கலாம். இப்பெல்லாம் கைப்பிடியை இழுத்துப் பாத்துட்டுதான் நகர்றேன்.

பழைய_இன்ஜின்:
மூன்றாம்கியர் தம்பி, அது உங்கள் வண்டிக்குச் சரி. கீலெஸ் வண்டியில் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இழுத்தால் திறக்கத்தானே செய்யும்? இண்டிகேட்டர் மின்னுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் எழுதியவருக்கு: அவர்கள் சாவியின் ரகசியக் குறியீட்டை உடைக்கவில்லை. காரும் சாவியும் ஓரிரு மீட்டர் தூரத்துக்குள்தான் பேசிக்கொள்ளும். பையில் இருந்த ஆன்டெனா அந்தப் பேச்சை நீட்டிக் கொடுத்தது, அவ்வளவே. நீங்களே பக்கத்தில் நிற்பதாகக் கார் நினைத்துக்கொண்டது. சாவியை வாசலிலிருந்து தள்ளி வையுங்கள், அதோடு அலையைத் தடுக்கும் ஃபாரடே பையில் போடுங்கள். உதிரிச் சாவியையும்தான், எல்லோரும் மறப்பது அதை. தகர டப்பா போதும் என்பார்கள்; மூடி இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் போதாது. மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கிறவர்களும் உண்டு. யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் சாவி போச்சு. பையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது, உள்ளே இருக்கும் உலோகத் துணி மடிப்பில் நைந்துவிடும். சாவியை அதில் போட்டுக்கொண்டு காரிடம் போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும். சில வண்டிகளில் கீலெஸ் வசதியையே அணைத்து வைக்கலாம், கையேட்டில் இருக்கும் (யார் படிக்கிறார்கள்). ஸ்டீயரிங்குக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பூட்டு. டேஷ்போர்டுக்குக் கீழே, மெக்கானிக் கருவி மாட்டிச் சோதிக்கிற ஓபிடி சாக்கெட்டுக்கும் ஒரு பூட்டு, அதன் வழியாகத்தான் வண்டிக்குப் புதுச் சாவியைப் பழக்குகிறார்கள்.

என் அனுபவம்: ஒருநாள் காலையில் அந்தச் சாக்கெட்டின் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

ஸ்டெப்னி:
ஐயா, ஸ்டீயரிங் பூட்டு போட்ட வண்டிதான் எனக்குப் போச்சு. பூட்டை அவன் தொடவே இல்ல. ஸ்டீயரிங் வளையத்தை ஒரு இடத்துல அறுத்து, பூட்டை அப்படியே உருவிட்டான். பூட்டு ரோட்டோரம் கிடந்துச்சு, கீறல் இல்லாம. மூணாம் நாள் நாலு தெரு தள்ளி வண்டி கிடைச்சுது, ஒழுங்கா ஓரங்கட்டி நிறுத்தியிருந்தான். டிராக்கர் இருந்தா யாராவது தேடி வருவாங்க, அதுக்காக ரெண்டு நாள் அப்படி விட்டு வெச்சுப் பாப்பாங்கன்னு போலீஸ்ல சொன்னாங்க. ஏறி உக்காந்தேன், முட்டி இடிச்சுது. சீட்டு முன்னால தள்ளியிருந்துச்சு. என்னைவிடக் குள்ளம். அதைப் பின்னால தள்ளக் கையே வரல, கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

பழைய_இன்ஜின்:
ஸ்டெப்னி தம்பி, பூட்டு திருடனைத் தடுக்கும் என்று நான் எங்கே சொன்னேன்? நேரத்தை இழுக்கும், சத்தம் போட வைக்கும். வளையம் முழுவதையும் மூடுகிற வட்டத் தகடு மாதிரிப் பூட்டும் இருக்கிறது. அதை மாட்டியிருந்தால்

ஸ்டெப்னி:
சரிங்க ஐயா. பாதியிலயே அனுப்பிட்டீங்க போல.

ராத்திரிமுழிப்பு:
பெரியவர் சொன்ன ஃபாரடே பை வாங்கி மூணு வாரமாச்சு. சோதிச்சுப் பாக்கணும்னு தோணவே இல்ல. இப்பதான் சாவியை அதுக்குள்ள போட்டு மூடி, கையில எடுத்துக்கிட்டு காருகிட்டப் போனேன்.

மிரர் விரிஞ்சுது.