வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி45 என்ற புரதத்துடன் உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

ராத்திரி ஷிஃப்ட்:
ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி அடையாளம் பார்க்கும் பரிசோதனை) ஒன்பது வருஷமாகிறது. ஊதா மூடி டியூபில் ரத்தம் வரும், ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி சேர்ப்போம், சிவப்பணுக்களை உடைப்போம், மெஷினில் ஓட்டுவோம். எந்த லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) பேனலாக இருந்தாலும் சிடி45 ஆன்டிபாடி இருக்கும். முதல் கேட்டே (எந்தச் செல்களைப் பார்ப்பது என்று திரையில் போடும் வேலி) அதில்தான். திரையில் வலப்பக்கம் போகப் போக சிடி45 அதிகம், மேலே போகப் போக செல்லுக்குள் துகள் அதிகம். லிம்போசைட் வலது ஓரத்தில் பளிச்சென்று அடியில் கிடக்கும், மோனோசைட் அதற்குச் சற்று மேலே, கிரானுலோசைட் உச்சியில், கொஞ்சம் இடப்பக்கமாக. லிம்போசைட்டுக்கு இடப்பக்கம் மங்கலாக ஒரு கூட்டம் தெரிந்தால் வயிற்றில் புளி கரைக்கும், பிளாஸ்ட்டாக (லுகேமியாவில் பெருகும் முதிராத செல்) இருக்குமோ என்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையின் எலும்பு மஜ்ஜை சாம்பிள் வந்தது. சிடி45 பாசிட்டிவ் செல்களுக்கு மட்டும் கேட் போட்டுவிட்டு, பிளாஸ்ட் மிகக் குறைவு என்று எழுதப் போனேன். சீனியர் மேடம் எட்டிப் பார்த்து, “ஸ்மியரைப் பார்த்தியா?” என்றார். பார்த்தால் ஸ்லைடு முழுக்க பிளாஸ்ட். கேட்டை எடுத்துவிட்டு சிடி19, சிடி10 (பி செல் வழி அடையாளங்கள்) போட்டுப் பார்த்தோம். இடது ஓரத்தில், சிவப்பணு முன்னோடிகளும் குப்பையும் கிடக்கும் மூலையில், அத்தனையும் உட்கார்ந்திருந்தன. சில பி-செல் லுகேமியாவில் சிடி45 இருக்கவே இருக்காது என்று அன்றுதான் தெரிந்தது. நல்லவேளை, ரிப்போர்ட் வெளியே போகவில்லை.

போன வாரம் அக்கா மகன் கேட்டான்: “அது வெள்ளணுவின் அடையாளம், சரி. ஆனால் அங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்குது மாமா?” முழித்தேன். தெரிந்தவர்கள் உங்கள் அனுபவத்தோடு சொல்லுங்கள்.

டி செல் கோட்டி:
அண்ணா, நான் அதைச் சந்தித்ததே அது இல்லாத இடத்தில்தான். ஜுர்காட் என்று ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு டி செல் (ஒருவகை லிம்போசைட்) வரிசை உண்டு, அதிலேயே சிடி45 இல்லாத ஒரு பிறழ்வு வகையும் உண்டு. செல் தூண்டப்பட்டால் உள்ளே கால்சியம் ஏறும்; அதைக் காட்டும் சாயத்தை ஏற்றி, டி செல் ரிசப்டரைத் தூண்டும் ஆன்டிபாடியை விட்டேன். சாதா ஜுர்காட்டில் கோடு விர்ரென்று ஏறியது. மற்றதில் தரையோடு தரை. ஆன்டிபாடி விட மறந்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை செய்தேன், அதே கதை. கடைசியில், ரிசப்டரைத் தொடாமலே கால்சியத்தை உள்ளே விடும் அயோனோமைசின் விட்டதும் எகிறியது. அப்போ செல் செத்துப்போகவில்லை, ரிசப்டரில் தட்டினால்தான் உள்ளே கேட்கவில்லை.

காரணம் எல்சிகே என்ற கைனேஸ் (பாஸ்பேட்டை ஒட்டும் என்சைம்). அதன் வாலில் 505ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் சிஎஸ்கே (கிரிக்கெட் அணி இல்லை, இதுவும் ஒரு கைனேஸ்) பாஸ்பேட்டை ஒட்டிவிடும். வால் மடங்கி எல்சிகே சுருண்டு கிடக்கும். அந்த பாஸ்பேட்டைப் பிய்த்தெறிவதுதான் சிடி45-இன் வேலை. வால் நிமிரும், எல்சிகே தயாராகும், அப்புறம்தான் ரிசப்டர் சொல்வது உள்ளே எட்டும். இதே சிடி45 எல்சிகே-யின் 394ஆம் டைரோசினிலிருந்தும் பாஸ்பேட்டை எடுக்கும். அது எல்சிகே-யை வேகப்படுத்தும் பாஸ்பேட். ஆக ஒரே ஆள் ஆக்சிலரேட்டரிலும் பிரேக்கிலும் கால் வைத்திருக்கிறார். அதற்கும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: டி செல் எதிராளியோடு நெருங்கி ஒட்டும் இடத்தில் சிடி45-இன் நீளமான வெளித்தலைக்கு இடம் பத்தாது, ஓரமாகத் தள்ளப்படும். அது விலகிய இடத்தில் சிக்னல் எரியும்.

இது என்சைம் என்று தெரிந்ததே 1988-இல்தான். எட்மண்ட் ஃபிஷர் ஆய்வகத்தில் நிக் டோங்ஸ் மனித நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு டைரோசின் பாஸ்பட்டேஸை (டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை எடுக்கும் என்சைம்) பிரித்தெடுத்தார். அதன் வரிசையை ஒப்பிட்டால், வெள்ளணு மேற்பரப்பில் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த இந்தப் புரதத்தின் உட்பகுதியோடு ஒத்துப்போனது. மரபணுவுக்கு பிடிபிஆர்சி (பிடிபி என்றால் புரோட்டீன் டைரோசின் பாஸ்பட்டேஸ்) என்று பெயர் வந்தது அதனால்தான். உள்ளே இரண்டு பாஸ்பட்டேஸ் பகுதிகள், வேலை செய்வது முதலாவது மட்டும்.

பாரஃபின் வாசம்:
திசுவைச் சாயம் போட்டுப் பார்க்கும் எங்கள் பக்கம் சிடி45-க்கு எல்சிஏ (லுகோசைட் காமன் ஆன்டிஜன்) என்றுதான் பெயர். கழுத்துக் கட்டி பயாப்சி, செல்லைப் பார்த்தால் எந்தக் குலம் என்றே தெரியாது, அப்போது எல்சிஏ-யும் சைட்டோகெராட்டினும் (கார்சினோமா வகைப் புற்றுநோயின் அடையாளம்) கேட்போம். செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்தால் பெரும்பாலும் லிம்போமா (லிம்போசைட்டிலிருந்து வரும் புற்றுநோய்). படிக்கும்போது ஒருமுறை பாசிட்டிவ் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழுப்பு இருந்தது, ஆனால் கட்டிக்கு நடுவே புகுந்திருந்த சாதாரண லிம்போசைட்டில். கட்டியின் செல்கள் வெள்ளையாகவே இருந்தன. அதற்காக நெகட்டிவ் என்றதும் லிம்போமா இல்லை என்றும் எழுதிவிடக் கூடாது. கிளாசிக்கல் ஹாட்ஜ்கின் லிம்போமாவின் பெரிய செல்களிலும் பிளாஸ்மா செல் கட்டிகளிலும் எல்சிஏ பெரும்பாலும் பிடிக்காது.

எக்சோம்காரன்:
சிடி45 மரபணுவின் 4, 5, 6ஆம் எக்ஸான்களை (புரதத்துக்கான குறியீட்டுத் துண்டுகள்) செல் வேண்டும்போது சேர்க்கும், வேண்டாதபோது விடும். 4ஆவதைச் சேர்த்த வடிவம் ஆர்ஏ, மூன்றையும் விட்டது ஆர்ஓ. புதிய டி செல் பெரும்பாலும் ஆர்ஏ, அனுபவப்பட்டது ஆர்ஓ. ஒரு நோயாளியின் டேட்டாவில் 4ஆம் எக்ஸானில் 77ஆவது இடத்தில் சி போய் ஜி வந்திருந்தது. அமினோ அமிலம் மாறாது, அதனால் என் ஃபில்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. வேறு எதற்கோ மூல ஃபைலைப் புரட்டும்போது கண்ணில் பட்டது. அந்த ஓர் எழுத்து, எக்ஸானை வெட்டி விடும் வேலையைக் கெடுக்கும். செல்களைச் சாயம் போட்டுப் பார்த்தால் ஆர்ஓ டி செல்களிலும் ஆர்ஏ கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப குஷியாகிவிட்டேன். 2000-இல் இதை மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸோடு (நோய் எதிர்ப்புச் செல்கள் நரம்பின் உறையைத் தாக்கும் நோய்) முடிச்சுப் போட்ட ஆய்வும் இருந்ததே! பிறகு தேடினால், அடுத்தடுத்து வந்த பல ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. போதாததற்கு நோயாளியின் அப்பாவுக்கும் அதே ஜி. அவர் கல்லு மாதிரி இருக்கிறார். குஷி அன்று மாலையே இறங்கிவிட்டது.

டி செல் கோட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டுப்போனால் தீவிர நோய் எதிர்ப்புக் குறைபாடு வரும். 2000-இல் அப்படி ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். டி செல் ரொம்பக் குறைவு. பி செல் எண்ணிக்கை இருந்தது, ஆனாலும் பாதுகாப்பு இல்லை. அண்ணா, உங்கள் முதல் கேட்டில் அந்தக் குழந்தையின் லிம்போசைட் ஒன்றுகூட விழுந்திருக்காது.

ராத்திரி ஷிஃப்ட்:
நன்றி தம்பி, மாப்பிள்ளைக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அந்த மாதிரி சாம்பிள் என் மேசைக்கு வந்தால், ஆன்டிபாடி போட மறந்துட்டியே என்று முதலில் என்னையேதான் திட்டிக்கொள்வேன்.