வலிப்பு மாத்திரையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள், எப்படிப் பேசுவது?

தென்னங்கீற்று:
சித்தி பையனுக்குப் பதினாறு வயது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து பல மாதம் வலிப்பே வரவில்லை, உடனே "அதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு, பையன் மந்தமாயிடுவான்" என்று நிறுத்திவிட்டார்கள். மறுபடி வந்தபோது மாத்திரை யாருக்கும் ஞாபகமே வரவில்லை, காத்து கருப்பு என்று மந்திரித்துத் தாயத்து கட்டியாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள், அதுவும் நின்றுவிடுகிறது, "பாத்தியா, இரும்பு பட்டதும் அடங்கிடுச்சு" என்கிறார் சித்தப்பா. சண்டை போடாமல் எப்படிப் புரியவைப்பது?

வரப்போரம்:
சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் ஒன்றிரண்டு நிமிடம் ஓடிவிடும், பெரும்பாலான வலிப்பு அதற்குள் தானாகவே அடங்கும், பேர் மட்டும் சாவிக்கு. வாதாட வேண்டாம். அடுத்த தடவை கடிகாரத்தைப் பார்க்கும் வேலையைச் சித்தப்பாவிடமே கொடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். கை காலை அமுக்குவது, பல்லிடுக்கில் கரண்டி நுழைப்பது, தெளியுமுன் தண்ணீர் புகட்டுவது எதுவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் துணி, அவ்வளவுதான்.

வெள்ளைச்சீருடை:
நான் நர்ஸ். தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், அது மாத்திரையோடு சண்டை போடாது. பேய் நம்பிக்கையைவிட, இதையும் காய்ச்சல் மாத்திரை கணக்காக நினைப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. இது வலிப்பை வேரோடு எடுக்காது, தினமும் ரத்தத்தில் இருக்கும்வரை அடக்கி வைக்கும். திடீரென நிறுத்தினால் விடாமல் தொடர்ந்துகூட வரலாம். பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பே இல்லாமல் போன பிறகுதான் குறைப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆனால் மந்தம் என்று அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். 1912-லிருந்து இருக்கும் பினோபார்பிட்டால் மலிவு என்பதால் இன்னும் நிறையப் பேருக்கு அதுதான் தரப்படுகிறது, அதில் தூக்கக் கலக்கம் நிஜமாகவே உண்டு. அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், டாக்டரிடம் சொன்னால்தானே? திட்டுவார் என்று பயந்து நிறுத்தியதையும் சொல்ல மாட்டார்கள், தாயத்தையும் சட்டைக்குள் தள்ளிவிட்டு வருவார்கள்.

இரவுப்பறவை:
எனக்கே இருக்கிறது. பையனிடம் யாராவது கேட்டீர்களா? நுரையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் வீடுகள் உண்டு (வெறும் எச்சில்தான் அது, ஒட்டாது). உறவினர் வந்தால் மாத்திரை டப்பா பீரோவுக்குள் போய்விடும், அந்த வேளை மாத்திரையும் அதோடு போச்சு. ஒழுங்காகப் போட்டால் நூற்றில் எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவரை ஆறு, குளத்தில் தனியாக இறங்க வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடவும் வேண்டாம்.

தென்னங்கீற்று:
நன்றி. பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறது, இன்றைக்கே ஆரம்பித்துவிடலாமா?

வெள்ளைச்சீருடை:
நீங்களாக வேண்டாம். சில மருந்துகளை நிறுத்திய பிறகு பழைய அளவில் தொடங்கக் கூடாது, குறைவாக ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும். மிச்ச அட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே கூட்டிப்போங்கள், நடுவில் வலிப்பு வந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள்.