சொகுசு காரின் ஏர்கோன் உண்மையிலேயே கூடுதலாகக் குளிருமா?

பட்டர்வொர்த்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்கு நாள்தோறும் பினாங்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறேன். வயதான என் பெற்றோர் மருத்துவரைப் பார்க்க ஜார்ஜ் டவுனுக்கு வரும்போது பின் இருக்கையில்தான் அமர்வார்கள். என்னுடைய சிறிய கார் நெரிசலில் நிற்கும்போது அவர்களுக்குப் புழுக்கம் தாங்குவதில்லை. இப்போது ஏறத்தாழ ஒரே விலையில், எட்டு ஆண்டு ஓடிய ஜெர்மன் சொகுசு கார் ஒன்றும் புதிய உள்நாட்டு எஸ்யூவி ஒன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. மற்ற வசதிகளை ஒதுக்கிவிட்டு ஏர்கோனை மட்டும் பார்த்தால், சொகுசு காருக்கு அந்த மதிப்பு உண்டா?

ஜெலுத்தோங் பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. ஏர்கோன் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். குளிரின் அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, இருக்கவும் முடியாது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் 0 டிகிரிக்குக் கீழே இறங்கினால், காற்றிலுள்ள ஈரம் அதன் தகடுகளில் பனியாக உறைந்து காற்று போகும் வழியையே அடைத்துவிடும். ஆகவே எத்தனை லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும் காயிலை அதற்குச் சற்று மேலேயே நிறுத்தியாக வேண்டும். டென்சோ போன்ற நிறுவனங்கள் சாதாரண ஜப்பானிய கார்களுக்கும் ஜெர்மன் சொகுசு கார்களுக்கும் கம்ப்ரசர், அதாவது ஏர்கோனின் குளிர்விக்கும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கருவி, செய்து கொடுக்கின்றன. பெரிய காரின் கம்ப்ரசர் பெரியதுதான். ஆனால் அது குளிர்விக்க வேண்டிய இடமும், வெயிலை உள்ளே விடும் கண்ணாடிப் பரப்பும் அதற்கேற்பக் கூடிவிடுவதால், வெயிலில் நிறுத்திய வண்டியை முதலில் குளிரவைப்பது பல நேரங்களில் சிறிய காராகவே இருக்கும்.

வேறுபாடு குளிரை ஆளும் விதத்தில் இருக்கிறது. மலிவான கார்கள் பலவற்றில் கம்ப்ரசர் ஒன்று முழுதாக ஓடும் அல்லது முழுதாக நிற்கும். அதை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச் 'டக்' என்று ஒட்டுவதும் விடுவதும் காதுக்கே கேட்கும், காற்றின் குளிர்ச்சியும் அதற்கேற்ப ஏறி இறங்கும். சொகுசு கார்களில் கம்ப்ரசர் தன் கொள்ளளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொண்டு விடாமல் ஓடும். அதோடு, காற்றை முதலில் நன்றாகக் குளிர்வித்து ஈரத்தை வடித்துவிட்டு, பிறகு ஹீட்டர் வழியாகச் சிறிதளவு சூடாக்கி, நாம் கேட்ட 23 டிகிரிக்குக் கொண்டுவரும். நம் நாட்டில் ஹீட்டரே இல்லாமல் விற்ற சிறிய கார்கள் உண்டு. அவற்றில் குளிரைக் குறைக்கத் திருகினால் கம்ப்ரசர் நிற்கும், நின்றவுடன் ஈரம் திரும்பிவிடும். பினாங்கின் காற்றில் உங்கள் பெற்றோர் உணரும் புழுக்கத்தில் பெரும் பங்கு இந்த ஈரத்தால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தானியங்கி ஏர்கோன் உள்ள கார்களில், முன் கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டின் மேல் சிறிய கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கும். அது வெயிலை அளக்கும் சென்சார். மாலையில் தீவை நோக்கிப் பாலத்தில் வரும்போது எதிர்வெயில் முகத்தில் அடித்தால் அதைக் கண்டுகொண்டு காற்றைக் கூட்டும். நம்மவர்கள் பலர் பிள்ளையார் சிலையைச் சரியாக அதன் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள்; பிறகு 'ஆட்டோ'வில் குளிரவில்லை என்று பட்டறைக்கு வருகிறார்கள். பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தாலே போதும்.

புக்கிட் மெர்தாஜாம் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவரின் கவலை பின் இருக்கையைப் பற்றியது. நடுக்கன்சோலிலும் கதவுத் தூண்களிலும் தனித் துவாரம், பின்னால் இருப்பவர்களுக்குத் தனி வெப்பநிலை, இரைச்சலைத் தடுக்கும் இரட்டை அடுக்குக் கண்ணாடி ஆகியவை சேரும்போது, மூட்டுவலியுள்ள அம்மாவின் முழங்காலில் குளிர்காற்று நேராக அடிக்காமலே உடல் முழுதும் குளிர்ந்திருக்கும். சாதாரண காரில் பின்னால் குளிர வேண்டுமென்றால் முன்னால் விசிறியை உச்சத்தில் வைக்க வேண்டும். அந்த இரைச்சலில் பேச்சும் கேட்காது, ஓட்டுநரின் விரல்களும் விறைத்துவிடும். இதை ஆடம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பார்க்கும் எஸ்யூவியில் பின் துவாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புரோட்டோன் எக்ஸ்70இல் உண்டு.

டிண்டட் செய்வதையும், அதாவது கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதையும், மறக்காதீர்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதிப்படி முன் கண்ணாடி 70 விழுக்காடும் முன் பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2019 மே முதல் தனியார் கார்களின் பின்பகுதிக் கண்ணாடிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கறுப்பு மட்டும் வெப்பத்தைத் தடுக்காது, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் படலமாகக் கேட்டு வாங்குங்கள்.

செந்தூல் எழுதியது:

கோலாலம்பூரில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்தே பழகியவன் நான். என்ஜினின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், வண்டி நிற்கும்போது மெதுவாகத்தான் சுழலும். சந்திப்பில் என்ஜினைத் தானே அணைக்கும் கார்களில் அதுவும் நின்றுவிடும். மின்சாரக் கார்களிலும் பெரும்பாலான ஹைபிரிட் கார்களிலும் கம்ப்ரசருக்குத் தனி மோட்டார் இருப்பதால் நின்றாலும் ஓடினாலும் ஒரே குளிர்தான். பட்ஜெட் இடம் கொடுத்தால் புரோட்டோன் இமாஸ் 7 போன்ற மின்சாரக் கார்களையும் ஓட்டிப் பாருங்கள். நெரிசலில் நிற்பதுதான் உங்கள் சிக்கல் என்றால், அதைவிட விலை உயர்ந்த பெட்ரோல் காரைக் காட்டிலும் அது நன்றாக இருக்கும்.

பட்டர்வொர்த்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மனம் இன்னும் ஜெர்மன் காரின் பக்கம்தான் சாய்கிறது. அண்ணன், வாங்கும் முன் ஏர்கோனில் எதைச் சோதிக்க வேண்டும்?

ஜெலுத்தோங் பட்டறை எழுதியது:

நண்பகலில் போங்கள் தம்பி. வண்டியை நிறுத்தியபடியே கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு துவாரத்திலும் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வைத்திருந்தும் இடது வலது காற்றில் பெரிய வேறுபாடு தெரிந்தால், கேஸ் குறைந்திருக்கலாம் அல்லது உள்ளே இருக்கும் தடுப்புகளை அசைக்கும் மோட்டார் ஒன்று போயிருக்கலாம். முன்னும் பின்னும், இடமும் வலமும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் நான்கு பகுதி ஏர்கோன் என்றால் அத்தகைய மோட்டார்கள் பல இருக்கும்.

அடுத்து, பானட்டின் கீழ் ஒட்டியுள்ள தாளில் கேஸின் வகையைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் பழைய ஆர்-134ஏ கேஸைத் தடை செய்ததால், அங்கிருந்து வந்த கார்களில் ஆர்-1234வைஎஃப் இருக்கலாம். அதன் விலை பல மடங்கு அதிகம். அதற்குரிய இயந்திரமும் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. கம்ப்ரசர் பழுது என்று யாராவது சொன்னால், கொள்ளளவை மாற்றும் கண்ட்ரோல் வால்வை மட்டும் மாற்றிப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பல மாடல்களில் முடியும்.

கடைசியாக, முன் இருக்கைகளின் கீழே கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். ஈரமாக இருந்தால், காயிலில் வடியும் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அதைச் சுத்தம் செய்வது சிறு வேலை. காயிலே கசிகிறது என்றால்தான் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டிவரும். அந்தக் கூலியை விலையிலிருந்து குறைக்க விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.