வனெஸ்ஸா: கிரேக்கப் பெயரா, கட்டிய பெயரா?

தாமிரபரணிக்கரை:
மகளுக்கு வனெஸ்ஸா என்று பெயர் வைக்க நினைக்கிறோம். ஞானஸ்நானத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. பெயர்ப் புத்தகத்தில் "கிரேக்கம், பட்டாம்பூச்சி" என்று போட்டிருக்கிறது. மாமனார் நம்ப மறுக்கிறார். சரிதானா?

பூச்சிப்பித்தன்:
தாராளமாக வையுங்கள். ஊட்டியில் கறுப்புச் சிறகில் செம்மஞ்சள் பட்டையோடு பறக்கிறதே, அந்தப் பட்டாம்பூச்சியின் அறிவியல் பெயரே வனெஸ்ஸா இண்டிகா. கிரேக்கர்களின் ஒளிக்கடவுள் ஃபானிஸ். அதிலிருந்து ஃபானெஸ்ஸா, பிறகு வனெஸ்ஸா.

சொல்வேட்டை:
புத்தகமும் தவறு, ஃபானிஸும் தவறு. பழைய கிரேக்கத்தில் பட்டாம்பூச்சியை 'சைக்கி' என்றார்கள். உயிருக்கும் அதே சொல்தான். இன்றைய கிரேக்கர்களுக்கு அது 'பெதலூதா'. வனெஸ்ஸா என்பது கலிவர் கதை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட் கட்டிய பெயர். அவரைக் காதலித்த பெண் எஸ்தர் வனோம்ரி. டச்சு வழிக் குடும்பப் பெயரின் தலையைக் கிள்ளி 'வன்', எஸ்தரைச் செல்லமாக்கி 'எஸ்ஸா'. அவளைப் பற்றி அவர் எழுதிய 'கெடீனஸும் வனெஸ்ஸாவும்' என்ற கவிதை 1726இல் அச்சானபோது அவள் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதர் தன் பெயரையும் விடவில்லை. டப்ளின் பேராலயத்தில் அவர் வகித்த பதவிக்கு லத்தீனில் 'டெகானஸ்'. அதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் கெடீனஸ்.

பூச்சிப்பித்தன்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டாம்பூச்சிக்குப் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஃபப்ரிசியஸ். அவர் மனதில் ஃபானிஸ் இருந்திருக்கக் கூடாதா?

சொல்வேட்டை:
அவர் வைத்தது 1807இல், கவிதை வந்து 81 ஆண்டுகள் கழித்து. ஃபானிஸை நினைத்திருந்தால் ஃபானெஸ்ஸா என்றே எழுதியிருப்பார். கிரேக்க 'ஃபை' எழுத்து லத்தீனில் 'பி', 'எச்' என்று இரண்டெழுத்தாக வரும், 'வி' ஆகாது. ஃபிலிப்பை யாராவது 'வி' போட்டு எழுதி நீங்கள் பார்த்ததுண்டா?

பூச்சிப்பித்தன்:
பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஃபானிஸை விட்டுவிடுகிறேன். பட்டாம்பூச்சியை மட்டும் விடமாட்டேன். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெயரோடு பறந்துகொண்டிருக்கிறது. இனியும் அது பெயரின் பொருள் இல்லை என்றால் எப்படி?

சொல்வேட்டை:
பெயர் பூச்சிக்குப் போனது. பூச்சியிலிருந்து பெயர் வரவில்லை. பட்டாம்பூச்சியை வைத்துக்கொள்ளுங்கள், 'கிரேக்கம்' என்பதை அடித்துவிடுங்கள். அந்த 'எஸ்ஸா' காதில் விழுந்தாலே கிரேக்கம் என்று எழுதிவிடுகிறார்கள் இந்தப் பெயர்ப் புத்தகக்காரர்கள்!

தாமிரபரணிக்கரை:
இருவருக்கும் நன்றி. ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை: மறைந்த என் மாமியாரின் பெயர் எஸ்தர். சொல்வேட்டை எழுதியதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். 'எஸ்தரைச் செல்லமாக்கி' என்ற இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பெயர் முடிவாகிவிட்டது. நடுவில் ஒரு 'ஸ்' போதுமா, இரண்டு வேண்டுமா என்று இப்போது அவருக்கும் என் கணவருக்கும் சண்டை நடக்கிறது.